பாஸ்கோ லைன் தட்டுக்காரர்கள்

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு, கீழே தண்ணீர் ஒவ்வொரு மட்டமாக ஏறிக்கொண்டே வந்ததாலும், சாப்பாட்டின் கடைசி முனையை வைத்துவிட்டுப் போக அங்கே ஆள் இல்லாமல் போனதாலும், தட்டுக்காரர்கள் ஒரு மழைக்காலத்தில் மேலே ஏறி வந்து பாஸ்கோ லைன் வீடுகளின் சுவர்களுக்குள் குடியேறினார்கள்.

தட்டுக்காரர்கள் என்றால் முழங்கால் உயரத்து மனிதர்கள், பாறைக்குள் வாழ்கிறவர்கள். பாறை சரியப்போகிறது என்றால் உள்ளிருந்து தட்டிச் சொல்லுவார்கள். அவர்களுடைய சொந்த ஊர் தங்கவயல் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில், கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கிற கார்ன்வால் சீமையில், வெள்ளீயச் சுரங்கங்களின் ஆழத்தில் இருந்தவர்கள். வெள்ளீயம் விலைபோகாமல் போன காலத்தில், அந்தச் சீமையின் சுரங்கக்காரர்கள் தங்கம் தோண்டக் கப்பலேறி இங்கே வந்தபோது, பித்தளை வாத்தியங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுவந்தார்கள். தட்டுக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்தார்கள்.

அவர்கள் பின்னாலேயே வந்ததற்குக் காரணம் பாஸ்டி. மாவைத் தட்டி, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, பிறைநிலாப் போல மடித்து, விளிம்பைக் கயிறு போல முறுக்கிச் சுடுகிற ரொட்டி அது. கார்ன்வால் பெண்கள் அதன் ஒரு முனையில் கணவனின் பெயரெழுத்தை அழுத்தி அனுப்புவார்கள். அவன் அடுத்த முனையிலிருந்து கடித்துக்கொண்டே வந்து, எழுத்து இருக்கிற கடைசித் துண்டைத் தின்னாமல் பாறை விளிம்பில் வைத்துவிடுவான். அது தட்டுக்காரர்கள் பங்கு. கூட வேலை செய்த தமிழர்கள் இதைப் பார்த்தார்கள். உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு வாய் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவர்களும் களியில் ஒரு உருண்டை, சோற்றில் ஒரு கவளம் என்று வைக்கத் தொடங்கினார்கள். அப்பாக்களைப் பார்த்துப் பிள்ளைகள் பழகி, சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காத பேத்திகள்கூடக் கடைசி வாயைத் தட்டோரமாக ஒதுக்கிவிட்டு எழுந்திருக்கும் வழக்கம் அந்த லைனில் நிலைத்துவிட்டது.

சுவருக்குள் சத்தம் கேட்ட முதல் வாரம் எலி என்று நினைத்துப் பொறி வைத்தார்கள். அடுத்த வாரம் கம்பியில் கோளாறு என்று மின்சாரக்காரரைக் கூப்பிட்டார்கள். பிறகு சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுத்துச் சாரம் கட்டும் வேலையில் ஆயுசைக் கழித்த முனிரத்தினம் தன் வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அட, நம்மாளுங்க. மேல வந்துட்டாங்க," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து எல்லா வீட்டிலும் கடைசி வாய் தட்டோரத்திலிருந்து சுவரோரத்துக்குப் போனது. விளிம்பு மொறுமொறுவென்று இருப்பதெல்லாம் அவர்களுக்குப் பிடித்தது, தோசை ஓரத்துக்கு உயிரை விட்டார்கள், இட்லியைத் தொடவில்லை. வார்டு கவுன்சிலர் வந்து பார்த்து, இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார்.

"இருந்தாலும் உனக்கு வேணாம்ப்பா," என்றார் முனிரத்தினம். "சுரங்கத்தைத் திறக்கறேன், கீழ இன்னும் தங்கம் இருக்குன்னு நீ வாயைத் திறக்கிற ஒவ்வொரு வாட்டியும் தட்டுவாங்க."

அதற்குள் தட்டுவதன் அர்த்தம் லைனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தெரிவித்தவர் வெடிமருந்து வேலை பார்த்த ஏசுபாதம். அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புது மருமகனிடம், "நான் வேலை செஞ்சது ஆகக் கடைசி மட்டம் மாப்ளே. அதுக்குக் கீழ நரகம்தான்," என்றார். சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். "சரி, கடைசிக்கு முந்தின மட்டம்," என்றார். டொக். ஏசுபாதம் ஒவ்வொரு மட்டமாக மேலே ஏறி வந்தார், சுவரும் விடாமல் தட்டிக்கொண்டே வந்தது, வெளிச்சம் தெரிகிற ஆழத்தில் இருந்த பம்ப் அறைக்கு அவர் வந்து சேர்ந்தபோதுதான் சத்தம் நின்றது. மருமகன் மரியாதையாகக் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுரங்கத்தில் மணி அடிப்பது ஒரு பாஷை. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மேலே இருக்கிறவர்களும் கீழே இருக்கிறவர்களும் அந்தப் பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். அதில் ஒரு மணி என்றால் 'நிறுத்து'. தட்டுக்காரர்கள் அந்த மணியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். பாறைக்குள் நடந்த எல்லாவற்றையும் பார்த்தவர்கள். கீழே நடந்ததை ஒருவர் மாற்றிச் சொன்னால் ஒரு தட்டு தட்டி நிறுத்தினார்கள், சரியாகச் சொன்னால் பேசாமல் இருந்தார்கள். மேலே நடந்ததைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை. கல்யாணப் பேச்சிலும் ஓட்டுப் பேச்சிலும் எத்தனை புளுகினாலும் சுவர் வாயே திறக்காது. ஆகவே லைனின் வீரக்கதைகள் எல்லாம் தரைக்கு மேல் ஏறிவிட்டன. பாதாளத்தில் பாறையோடு மல்லுக்கட்டியவர்கள் இப்போது கால்பந்து மைதானத்தில் கோல் போட்டவர்களாக ஆனார்கள். கீழே நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லித்தான் தீரவேண்டும் என்கிற ஆசாமிகள் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மண்மேட்டுக்கு நடந்துபோய், சுவரே இல்லாத அந்தச் சாம்பல் வெளியில் உட்கார்ந்து, ஆசைதீரச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சுகிர்தா பாஸ்கோ என்கிறவள் கதை சேர்க்கத் தொடங்கினாள்.

சுகிர்தா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். ஐம்பது வயதைத் தொடப்போகிறவள், தனிக்கட்டை. அவளுடைய கொள்ளுத்தாத்தா கேப்டன் ஜேபஸ் பாஸ்கோ, கார்ன்வால்காரர். சுரங்கத்தில் மேஸ்திரிகளுக்கு மேலே இருந்த ஆளைக் கேப்டன் என்பது அவர்கள் வழக்கம். அவர் கல்யாணம் செய்துகொண்டது இதே ஊர் ராகேலை. லைனுக்குப் பெயர் அவரால் வந்தது, லைனின் முதல் வீடு அவருடைய வீடு, இப்போது அதில் சுகிர்தாவும் அவள் தையல் மிஷினும் இருந்தார்கள். கார்ன்வாலில் ஒரு சங்கம், உலகமெங்கும் சிதறிப்போன தங்கள் சுரங்கக்காரர்களின் குடும்பக் கதைகளைக் குரலாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதன் செயலாளர் மிஸஸ் ஆங்கோவ் எப்படியோ சுகிர்தாவைக் கண்டுபிடித்து, தங்கவயலில் கிடைப்பதை அனுப்பித் தரும்படி கேட்டிருந்தார். கார்ன்வால் ரத்தம் உள்ள குடும்பங்களின் கதைகள் போதும் என்றும் சொல்லியிருந்தார். பாஸ்கோ லைனில் அதை எப்படிப் பிரிப்பது என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. பாஸ்டி சுடத் தெரிந்த எல்லம்மாக்களும் கருவாடு இல்லாமல் சாப்பிடாத வில்லியம்களும் இருந்த இடம் அது. அவள் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கினாள். செல்போனை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். தப்பான தையலைப் பிரிக்கிறபோது நூலை வெட்டாமல் ஒவ்வொரு கண்ணாக உருவி எடுக்கிற பொறுமை அவளுக்கு உண்டு. அதே பொறுமையோடு வீரத்தையும் கேட்டாள், சமையலறை முணுமுணுப்பையும் கேட்டாள், எதையும் வேண்டாம் என்று தள்ளவில்லை.

அப்படித் தள்ளாமல் வைத்தவற்றில் ஒன்று, அவளுடைய அத்தை சாவதற்கு முன்னால் சொன்னது. ராகேலுக்கு ஆயுசு முழுக்க ஒரு சந்தேகம் இருந்ததாம். "கருவாட்டை நான் வாசப்படி ஏத்தினதே இல்லை. ஆனா அந்த மனுஷன் சாயங்காலம் வந்து கிட்ட நின்னா மீசையில கருவாட்டு வாசனை. எவ வீட்டுக்குப் போறாரோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தேன்," என்பாளாம்.

இன்னொன்று, அடுத்த வீட்டு முனிரத்தினம் சொன்னது. அவர் வீட்டில் கதை அது ஒன்றுதான்.

"எங்க தாத்தா எல்லப்பன் ஓடிப்போனவரு. உனக்குத்தான் தெரியுமே, எங்க வீட்டுக்குப் பேரே ஓடினவன் வீடு," என்றார் அவர், கதவில் சாய்ந்தபடி. "ஏர் பிளாஸ்ட் ஆன அன்னைக்குப் பயந்துகிட்டு ஓடினாரு. அவரோட பித்தளைத் தூக்குச்சட்டி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல கிடைச்சுது. பாட்டிக்கு அவர் ஓடினதுல வருத்தம் இல்லையாம். சட்டி சுத்தமா இருந்துச்சாம், அதுலதான் ஆத்திரம். தினமும் களியைப் பார்த்தா மூஞ்சத் திருப்பறவன், ஓடற அன்னைக்கு மட்டும் ஒரு துளி விடாம வழிச்சுத் தின்னுட்டு ஓடினானேன்னு."

"சிரிக்காதீங்க முனிண்ணே. பதிவாகுது."

"சிரிக்காம இதை எப்படிம்மா சொல்றது?"

ஏர் பிளாஸ்ட் என்பது, ஆழத்தில் அமுங்கிக் கிடக்கிற பாறை தாங்கமாட்டாமல் தானே வெடிப்பது. லைனில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கதை அந்த வெடிப்பைப் பற்றியது. பாறை வெடித்தபோது கேப்டன் பாஸ்கோ ஆட்களையெல்லாம் பக்கத்துக் குழி வழியாக மேலே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நின்றார், பாறை அவர்மேல் இறங்கியது. தேடப் போனவர்கள் கண்டது, சரிந்த பாறைக்குப் பக்கத்து விளிம்பில் ஒரு பாஸ்டி முனை. அதில் ராகேல் அழுத்திய எழுத்து. ரொட்டி இன்னும் காயக்கூட இல்லை. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை, உடலை எடுக்க வழியும் இல்லை, அந்த மட்டத்தை அப்படியே அடைத்துவிட்டார்கள். லைனுக்கு அவர் பெயரை வைத்து, வீட்டு வாசலில் பித்தளைப் பலகை அடித்தார்கள். ராகேலுக்குப் பென்ஷனும் மகனுக்கு வேலையும் கிடைத்தன. எல்லப்பன் பெண்டாட்டிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஓடினவனுக்காக யார் தருவார்கள்? அவள் அடுத்த வீட்டில் உப்பு, புளி கடன் வாங்கியே பிள்ளையை வளர்த்தாள்.

மிஸஸ் ஆங்கோவுக்கு வேண்டியிருந்தது இந்தக் கதைதான். சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் அதை முதலில் ஒலிக்க விடுவதாக இருந்தார்கள். சொல்லத் தகுதியான ஆள் சுகிர்தாவின் சித்தப்பா லேசர் பாஸ்கோ. அவர் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சின் டிரைவராக இருந்தவர், வயது எண்பது, நல்ல குரல், கேப்டனின் பேரன். கதையைத் தேவாலயத்திலும் தொழிற்சங்கத்துக் கொடியேற்றத்திலும் அவர் சொல்லாத வருஷம் இல்லை. ஆனால் அவர் இருந்தது ராபர்ட்சன்பேட்டையில் மகள் வீட்டில். கான்கிரீட் வீடு. தட்டுக்காரர்களுக்குக் கான்கிரீட் ஆகாது, தேவாலயத்திலோ சாப்பாடு வைக்க ஆள் இல்லை, அதனால் அங்கேயும் அவர்கள் போகவில்லை. தட்டுக்காரர்கள் மேலே வந்த பிறகு அந்தக் கதையை ஒரு சுவர்கூடக் கேட்டதில்லை.

சுகிர்தாவுக்கு அது தெரியும். அந்த வீட்டில் தனியாக இருக்கும்போது, தானே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மிஷினை வேகமாக மிதித்திருக்கிறாள். அவளுக்கென்று வேறு சொத்து கிடையாது. வாசலில் இருக்கிற பலகை, தெருவில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் வருகிற பெயர், பள்ளிக்கூடத்தில் நாளைக்கும் தன்னிடமே துணி கொடுக்க வைக்கிற ஒரு மதிப்பு, எல்லாம் அந்த ஒரு கதையில் தைத்திருந்தன. அந்தத் தையல் விட்டால் என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்ததில்லை.

"மேட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லச் சொல்லும்மா," என்றார் முனிரத்தினம், தணிந்த குரலில். "அங்க காத்து நல்லா வரும்."

"காத்து சத்தம் பதிவுல கேக்கும்ண்ணே."

"கேட்டா கேக்கட்டுமே. வேற எதுவும் கேக்காதில்ல?"

சுகிர்தா அன்று முழுக்க ஒரு பினஃபோரைத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏசுபாதம் தன் வீட்டுச் சுவர் முன்னால் சொன்னார். லைனில் ஒவ்வொருவரும் அப்படியேதான் சொன்னார்கள், தட்டு வாங்கினார்கள், திருத்திச் சொன்னார்கள், அவள் பதிவு செய்தாள். முதல் வீட்டுக்கு மட்டும் மேடு என்றால், மற்ற எல்லா வீட்டுக்கும் அவள் அளந்து வெட்டிய துணியில் தனக்கு மட்டும் ஓரம் விட்டுக்கொண்ட மாதிரி ஆகும். சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னாள். சுவரைப் பற்றியும் சொன்னாள்.

"சுவருக்குத் தெரியாதா எங்க தாத்தாவை?" என்றார் லேசர்.

ஞாயிற்றுக்கிழமை லைனே வந்துவிட்டது. உள்ளே இடம் கிடைத்தவர்கள் தரையிலும் மிஷின் மேஜையிலும் உட்கார்ந்தார்கள், கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். முனிரத்தினம் எப்போதும் போல வாசற்படியிலேயே நின்றார். லேசர் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சுகிர்தா செல்போனை ஸ்டூலில் வைத்தாள்.

"என் தாத்தா கேப்டன் ஜேபஸ் பாஸ்கோ அன்னைக்குக் காலையில கீழ இறங்கினார்," என்று தொடங்கினார்.

சுவர் பேசாமல் இருந்தது.

"அவர் கூட எல்லப்பன்னு ஒருத்தரு. மதியச் சாப்பாடு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல பாறை வெடிச்சுது."

சுவர் பேசாமல் இருந்தது. லேசர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரையும் மேல அனுப்பிட்டு எங்க தாத்தா மட்டும் அங்க நின்னார்."

டொக்.

"மட்டும்னு சொன்னது என் தப்பு," என்றார் லேசர் சிரித்துக்கொண்டே. "கூட ஒண்ணு ரெண்டு பேர் நின்னிருப்பாங்க. அவரும் நின்னார்."

டொக்.

"கொஞ்ச நேரம் நின்னார்."

டொக்.

லேசரின் சிரிப்பு உதட்டிலேயே இருந்தது, ஆனால் குரல் இறங்கிவிட்டது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிறவர் கடைசி விலையைச் சொல்வது போல, யாருக்கும் கேட்காமல் சுவருக்கு மட்டும் கேட்கட்டும் என்பது போலச் சொன்னார்:

"அவர் அங்கதான் செத்தார்."

இந்தத் தட்டு முன்பு போல உரக்க வரவில்லை. ஒரு விரல் மடக்கித் தட்டினது மாதிரி மெதுவாக வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஜன்னலில் இருந்து ஏசுபாதம், "எலியா இருக்கும் லேசரண்ணே," என்றார்.

"எலி இல்லைப்பா." லேசர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். "என் ஆயுசு பூரா கேட்ட மணி இது. ஒரு மணின்னா நிறுத்தணும். நிறுத்தாம ஒருநாளும் நான் எஞ்சினை ஓட்டினதில்லை." அப்படிச் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

வந்தவர்கள் எழுந்திருக்கவும் கூச்சப்பட்டு, உட்காரவும் கூச்சப்பட்டு, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தாவின் நெஞ்சுக்குள் ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது. அறுந்த நூலின் முனையைத் தேடுகிற பழக்கத்தில் அவள் மனம் தானாகவே பின்னோக்கிப் போனது. அவர் நிற்கவில்லை, சாகவில்லை என்றால் ரொட்டி முனை அங்கே எப்படி வந்தது? மீசையில் கருவாட்டு வாசனை. வழித்துத் தின்ற களிச்சட்டி. சேர்த்துத் தைக்க வேண்டிய இரண்டு துண்டுகள் இத்தனை நாளும் அவள் செல்போனுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"யாரும் போகாதீங்க," என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் குரல் சின்னக் குரல். "கேப்டன் பாஸ்கோ மத்தியானத்துல பாஸ்டி சாப்பிடலை."

சுவர் பேசாமல் இருந்தது.

"எல்லப்பனோட தூக்குச்சட்டியில இருந்து களி சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்போட. தினமும்."

சுவர் பேசாமல் இருந்தது.

"எங்க கொள்ளுப்பாட்டி சுட்ட பாஸ்டியை எல்லப்பன் சாப்பிட்டார். ரெண்டு பேரும் வீட்டுல சொல்லாம மாத்திக்கிட்டாங்க."

யாரோ ஒரு பெண் உள்ளே அடக்கமாகச் சிரித்தாள். சுவர் பேசாமல் இருந்தது. சுகிர்தா முனிரத்தினத்தைப் பார்த்தாள். அவர் சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்து நின்றிருந்தார்.

"அன்னைக்கு எழுத்து போட்ட முனையை விளிம்புல வெச்சது எல்லப்பன்தான்."

டொக் என்ற சத்தம் வரவில்லை. மிஷின் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாகக் கீழே இறங்கினார்கள். சுகிர்தாவின் வாயில் அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் வாசலில் இருக்கிற பலகையும் முதுகுக்குப் பின்னால் வருகிற பெயரும் தன் வீட்டைவிட்டு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. போகட்டும் என்று நினைத்தபோது, பயந்த அளவுக்கு அது கனமாக இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதல்ல.

"முனிண்ணே, உள்ள வாங்க," என்றாள். "மீதியை நான் சொல்லக் கூடாது. அது உங்க வீட்டுக் கதை."

முனிரத்தினம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். லேசர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார், முனிரத்தினம் உட்காரவில்லை. தன் வாழ்நாளில் ஒரு கதையையும் நிமிர்ந்து சொல்லிப் பழகாத மனிதர். சொல்வதற்கு முன்னால் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எங்க தாத்தா ஓடலை," என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் அடுத்த வீட்டில் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. கைக்குழந்தையை வைத்திருந்தவள் அதன் முதுகைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டாள். ஏசுபாதம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். சுவர் பேசாமல் இருந்தது.

"அவர் கீழதான் இருக்காரு," என்றார் முனிரத்தினம். சுவர் அப்போதும் பேசாமல் இருந்தது. அந்த லைன் அதுவரை கேட்ட சத்தங்களிலேயே பெரியது அதுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

மீதியை அவர்களே கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் பாஸ்கோ புழுதி அப்பிய முகத்தோடு, கையில் எல்லப்பனின் சட்டியோடு, ஆட்களோடு ஆளாகப் பக்கத்துக் குழியில் ஏறி வந்திருக்க வேண்டும். பயந்திருக்க வேண்டும். தான் செத்துப்போனதாக மேலே பேச்சு கிளம்பிவிட்டதைக் கேட்டிருக்க வேண்டும், அது கேட்க நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ரயிலேறும்போது சட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். இதெல்லாம் தரைக்கு மேல் நடந்தது, சுவருக்குத் தெரியாது.

சுகிர்தா அந்தப் பதிவை வெட்டாமல், சித்தப்பா வாங்கிய தட்டுகளோடு சேர்த்து அனுப்பினாள். கார்ன்வால் ரத்தம் இல்லாத எல்லப்பன் என்பவரின் கதை இது, கார்ன்வால்காரர் ஒருவர் சொல்லாமல் போனதால் நாங்கள் சொல்கிறோம், சேர்த்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம் என்று குரலில் சொல்லிவைத்தாள். மிஸஸ் ஆங்கோவிடமிருந்து பதில் வர நாளானது. சேர்த்துக்கொண்டோம் என்றார். கூடவே, தங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் யாரும் லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்த ஒரு முணுமுணுப்பு இருப்பதாகவும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்து, வேறு பெயரில், கடற்கரைக் கிராமம் ஒன்றில் இருந்த ஒரு கிழவர். நிலவறைக்குக்கூட இறங்கமாட்டார். வெள்ளிக்கிழமை தோறும் தானே கறுப்பாக ஏதோ கூழ் கிண்டி, உப்புமீனைத் தொட்டுக்கொண்டு கையால் தின்பார். கடைசி உருண்டையைக் கொல்லைக் கல்லின்மேல் வைப்பார். அவர்தானா இவர் என்று சொல்ல எந்தச் சுவரும் இல்லை. சுகிர்தா அதையும் தள்ளாமல் வைத்துக்கொண்டாள்.

லைன் பெயரை மாற்றுவதா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். "வேணாம்," என்றார் முனிரத்தினம். "ஆட்டோக்காரனுக்கும் போஸ்ட்மேனுக்கும் யார் பாடம் எடுக்கறது?" பித்தளைப் பலகையை மட்டும் கழற்றினார்கள். கழற்றியவர் லேசர். திருப்புளியை அவரே கொண்டுவந்திருந்தார். பலகையின் பின்பக்கம் வழவழப்பாக, எழுத்தில்லாமல் இருந்தது. அதில் எல்லப்பன் பெயரை வெட்டி அடுத்த வாசலில் அடித்தார்கள். ஓடினவன் வீடு என்று சொல்லிப் பழகிய வாய்கள் கொஞ்ச காலம் 'ஓ' என்று தொடங்கி விழுங்கிக்கொண்டன, பிறகு அதுவும் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா ஒரு பாஸ்டி சுட்டு, முனையில் எல்லப்பனின் எழுத்தை அழுத்திக் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டிலிருந்து களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. ராகேல் வாசப்படி ஏற்றாத கருவாடு அன்றைக்கு முதல் தடவையாக ஏறியது, அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் சீருடையை அவளிடமேதான் கொடுத்தது. அளவு சரியாக இருந்தது அவர்களுக்குப் போதும்.

லேசர் சித்தப்பா கொஞ்ச நாள் கோயிலுக்கு வந்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கதை இல்லாமல் முடியவில்லை. ஒருநாள் முனிரத்தினம் வீட்டுக்குள் போய், "நீ சொல்றது நல்லாவே இல்லை. ரெண்டு வார்த்தையில முடிச்சுடறே. கொஞ்சம் தள்ளிக்கோ," என்றார். முனிரத்தினம் தள்ளிக்கொண்டார். லைன் கூடியது, சுகிர்தா செல்போனை ஸ்டூலில் வைத்தாள். லேசர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எல்லப்பனை மெதுவாகக் கீழே இறக்கினார். பாஸ்டியைக் கடிக்க வைத்தார், முனையை விளிம்பில் வைக்க வைத்தார், பாறையை வெடிக்க வைத்தார். குரல் பழைய குரலாகிவிட்டது.

"ஆளுங்க பக்கத்துக் குழிக்கு ஓடறாங்க. சாரம் முறியுது. எல்லப்பன் என்ன பண்ணார் தெரியுமா? போய் அடியில நின்னு, அந்தப் பாறையை ஒத்தைக் கையால தாங்கிப் பிடிச்சார்."

டொக்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முனிரத்தினமும் சிரித்தார். லேசருக்கும் சிரிப்பு வந்தது. சுவரைப் பார்த்துக் கையெடுத்து, "சரி சரி," என்றார். "ரெண்டு கையால."

சிரிப்பு அடங்கி எல்லோரும் காத்திருந்தார்கள். சுவர் பேசாமல் இருந்தது.